295031-ஐத் தின்றவர்

ரிம்மா அர்கிபோவ்னாவுக்கு எண்களைப் பிடிக்கும்; அவற்றைத் தின்கிற ஜனங்களைக் கண்டால்தான் குமட்டும். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள். அதை மூடிய பிறகு பீட்டர்ஸ்பர்க் டிராமில் கண்டக்டர். டிக்கெட்டில் ஆறு இலக்க எண் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, இரண்டு கூட்டுத்தொகையும் சமமானால் அது அதிர்ஷ்ட டிக்கெட். அதிர்ஷ்டம் பலிக்க அதை மென்று விழுங்கிவிட வேண்டும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அப்படிப்பட்ட எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். எத்தனை அழகு! அதை எவன் பார்க்கிறான்? மூக்கைச் சிந்திய கையாலேயே வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சீ, மனுஷ ஜென்மமா இது!

அன்று காலை அவள் கிழித்த ஒரு டிக்கெட் 295031. இரண்டும் ஐந்தும் மூன்றும் பத்து. ஒன்பதும் பூஜ்யமும் ஒன்றும், அதுவும் பத்து. வாங்கியவர் தினமும் வருகிற ஸாவ்வா லுகீச். டிரைவிங் லைசென்ஸ் பரீட்சைக்கு மூன்றாம் தடவையாகப் போய்க்கொண்டிருந்தார். உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்தார், வாயில் போட்டார். மீசையெல்லாம் காகிதக் கூழ்.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். மாஸ்கோவிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த இரண்டே மாதத்தில் ரிம்மாவின் மேல் இரண்டு புகார் எழுதிவிட்டார். மூன்றாவது எழுதினால் வேலை போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"டிக்கெட் எங்கய்யா?"

"தின்னுட்டேனே! அதிர்ஷ்ட டிக்கெட்டு, 295031," என்றார் லுகீச், மென்றுகொண்டே.

"ரெண்டும் ஒம்போதும் அஞ்சும் பதினாறு. பூஜ்யமும் மூணும் ஒண்ணும் நாலு. பதினாறும் நாலும் சமமா? இதுல என்ன அதிர்ஷ்டம்?" பரிசோதகர் ரிம்மாவின் பக்கம் திரும்பினார். "டிக்கெட் கொடுக்காம ஏத்திட்டு, ரெண்டு பேருமா கதை விடறீங்களா?"

டிராமே கொதித்தது. "அது உங்க ஊர்க் கணக்கு! இங்க ஒண்ணுவிட்டு ஒண்ணு கூட்டணும்யா!" என்று முட்டைக் கூடையோடு நின்றவள் கத்தினாள்.

"ஊருக்கு ஊர் கூட்டல் மாறுமா? டிக்கெட்டைக் காட்டுங்க, இல்லேன்னா எழுதறேன்." பேனாவைத் திறந்துவிட்டார்.

ரிம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

"விழுங்கிடாதீங்க லுகீச். வாயைத் திறங்க."

விரலை விட்டாள். வெதுவெதுவென்று எச்சில், வெங்காய நாற்றம், புகையிலை வீச்சம். உருண்டையை எடுத்துப் பிரித்துப் பரிசோதகரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கடைசி மூன்று இலக்கங்கள் தெரிந்தன.

"இந்தாங்க, கையில வாங்கி நல்லாப் பாருங்க!"

"ஐயே, தள்ளும்மா அதை!" பேனாவை மூடிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் குதிக்காத குறையாக இறங்கினார்.

வேலை தப்பியது. ரிம்மா மூச்சு விடுவதற்குள் லுகீச் அவள் உள்ளங்கையிலிருந்து அந்தக் கூழை வழித்தெடுத்தார்.

"முழுசா உள்ள போனாத்தானே பாஸாவேன்," என்று வாயில் போட்டு விழுங்கினார். டிராம் முழுவதும் கைதட்டியது.

இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே இத்தனையும் என்று நினைத்தாள் ரிம்மா. ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தாள்.