தையல் மேசையில் நான்கு வேகன்கள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும்படி அண்ணி என்னிடம் சொன்னார். எழுத உட்கார்ந்த பிறகுதான், அவருடைய தங்கையான எனக்கே அதில் பாதி விளங்கவில்லை என்று தெரிந்தது. விளங்காததை விளங்காதபடியே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். எங்கள் பெற்றோர் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் சேகரித்தவர்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவுக்கு வந்து, ஒரு சரக்கு ரயில் யார்டில் ஷண்டிங் வேலையில் சேர்ந்தார். வேகன்களைக் கழற்றி மாட்டி, வேண்டிய பாதையில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை அது. என்னைப் படிக்க வைத்தவரும் கரையேற்றியவரும் அவரே.

ஒரு மழைக் காலையில், அவருடன் வேலை செய்த நண்பர் மணியம் இரண்டு வேகன்களுக்கிடையே சிக்கி ஒரு காலை இழந்தார். எஞ்சினுக்குக் கொடி காட்டியவர் அண்ணன். யார் மீதும் குற்றமில்லை என்று விசாரணை முடிந்தது. அதன்பின் அண்ணன் அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. மணியம் பக்கத்து ஊரான பத்து காஜாவில்தான் இருந்தார். இருபது ஆண்டுகள் அண்ணன் அவரைப் பார்க்கப் போகவுமில்லை.

பணி ஓய்வு பெற்றதும் அண்ணியின் தையல் மேசை மீது ஒரு பலகையைப் போட்டார். நான்கடி நீளம், ஓரடி அகலம். வேகன் அளவுக்கு அட்டைத் துண்டுகள் வெட்டி, நாள்கணக்கில் நகர்த்திப் பார்த்தார். பிறகு பொம்மை ரயில் தண்டவாளங்களை வரவழைத்து ஒட்டினார். மூன்று பக்கப் பாதைகள்; எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப ஒரு முட்டுப் பாதை. அதில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும்.

"இன்னும் ஒரு சாண் எடம் இருக்கே அண்ணே, நீட்டிப் போடலாமே?" என்றேன்.

"போடலாம். ஆனா அங்க அப்படி இல்லயே."

எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து வேகன்களை அடுக்கத் தொடங்கினார். அண்ணிக்கோ கோபம். "அந்த யார்ட விட்டு இப்பதான் வந்தீங்க. அதயே வீட்டுக்குள்ள கொண்டாந்து வெக்கிறீங்களா?" என்றார். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் இருவரும் குழம்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "காடிய எடும்மா, பத்து காஜாவுக்குப் போலாம்" என்று கார்ச் சாவியை நீட்டினார். மணியத்தை அழைத்து வந்து பலகை முன் உட்கார வைத்தார். எஞ்சினோடு நான்கு வேகன்களை மாட்டி முட்டுப் பாதைக்குள் இழுத்தார். நான்காவது வேகன் பாதை பிரியும் இடத்திலேயே நின்றுவிட்டது.

"மூணு மூணா இழுத்தா ரெண்டு தடவ போகணும். மழைன்னு ஒரே தடவையா நாலு இழுத்தோம். இந்தக் கடைசி வேகனக் கழட்டத்தான் நீ உள்ள போன. நீ வெளிய வந்துட்டன்னு நெனச்சு நான் கொடி காட்டிட்டேன்."

"எனக்கு அன்னிக்கு நடந்தது ஒன்னுமே ஞாபகம் இல்ல லா," என்றார் மணியம். "நாலு இழுக்கச் சொன்னது நான்தானோன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"இல்ல மச்சான். நீ மூணுதான் சொன்ன. நாலுன்னது நான்."

மணியம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். வேகன்களை எந்த வரிசையில் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்வார். மற்றவர் குறைந்த நகர்வுகளில் செய்து காட்டுவார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை. சிறுநீரக நோயால் அண்ணன் படுக்கும்வரை அது நடந்தது.

கருமக்கிரியை முடிந்த மறுநாள் அண்ணி என்னிடம், "விபத்து நடந்த அன்னிக்கே அவரு எங்கிட்ட வேற மாதிரிதான் சொன்னாரு. நாலுன்னது மணியம்தானாம். இவரு வேணாம்னாராம். யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு" என்றார்.

அன்று பயத்தில் மனைவியிடம் மாற்றிச் சொன்னாரா? அல்லது நண்பருக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாரா? நானும் அந்த வேகன்களை நகர்த்திப் பார்த்தேன். எத்தனை இழுத்தார்கள் என்றுதான் பலகை சொல்கிறது. யார் சொல்லி இழுத்தார்கள் என்று சொல்லவில்லை.

இதை அச்சிடலாமா என்று மணியத்திடமே கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"எது நெசம்னு எனக்கும் தெரியல, தங்கச்சி. ரெண்டுமே அவன் சொல்லக்கூடியதுதான். நீ போடு."

நோயின்போது துணைநின்ற மருத்துவர்கள், தாதியர், அண்டை வீட்டார், இறுதிச் சடங்குகளில் தோள்கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஊன்றுகோலோடு சுடுகாடுவரை நடந்தே வந்து, யார் சொல்லியும் காரில் ஏற மறுத்த மணியம் அவர்களுக்கு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.