வருத்தம் என்றாள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கதைகளை வைத்தே பல பேரை மட்டம் தட்டியவன் நான். இப்போது நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் கடைசி வரை கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, கத்தோலிக்கக் குருப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிரதர். தூத்துக்குடியிலிருந்து மன்னாருக்கு ஊழியத்துக்கு அனுப்பியிருந்தார்கள். போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இலங்கையே நெருக்கடியில் கிடந்த நேரம். நான் இருந்த ஓலைத்தொடுவாய் கிராமத்தில் பால்மா இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் படகெல்லாம் கரையில் கிடந்தது. கிறிஸ்துமஸை அவர்கள் நத்தார் என்பார்கள், அதையே நான் அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன். அதே தமிழ்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்த மடையன் நான்.

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி பிற்பகல் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். கோயிலில் தனியாகப் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தேன். நான் அதுவரை பார்த்திராத ஒரு அக்கா வந்து வைக்கோல் மேலேயே நின்றாள். பச்சைச் சட்டை, பெருவிரலில் துணிக்கட்டு, பாவாடை முழங்கால் வரை ஈரம். கடற்கரை ஊரில் ஈரப் பாவாடையை யார் கவனிப்பார்கள்?

"பிரதர், மரியதாஸின்ர பிள்ளைக்கு வருத்தம். கடும் வருத்தம். நேற்றில இருந்து ஒண்டும் சாப்பிடயில்லை. ஒருக்கா வாங்கோ."

புதுச் சட்டை கிடைக்காமல் பிள்ளை அழுது அடம்பிடிக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "இந்த வருஷம் எல்லாருக்கும் வருத்தம்தான்க்கா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "எல்லாருக்குமோ?" என்று மட்டும் கேட்டாள்.

பாட்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'அழாதே, பாலன் வருவார்' என்று எழுதி, ஊரிலிருந்து கொண்டுபோன கடலைமிட்டாய் ஒன்றை அதில் சுற்றி, "இதைக் குடுங்க, நாளைக்கு வாறேன்" என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மரியதாஸ் வீடு கோயிலுக்கு அடுத்த சந்து, அங்கே ஒழுங்கை என்பார்கள். இருநூறு அடி இருக்காது. நான் பூசைக்கு ஆயத்தம் செய்தேன், பாடினேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

விடியக்காலையில் அலறல் கேட்டது. முதல் நாள் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போன மரியதாஸ், இடம் போய்விடும் என்று இரவெல்லாம் அங்கேயே நின்றுவிட்டு, அப்போதுதான் கேனோடு திரும்பியிருந்தார். சின்னக் காய்ச்சல்தானே என்று ஆறு வயது ஜெனிற்றாவை உள்ளே படுக்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை விறைத்துக் கிடந்தது.

கூடியிருந்த ஒரு கிழவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளைக்கு வருத்தம் எண்டு ஆருக்கும் தெரியாமப் போச்சே, பிரதர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே வருத்தம் என்றால் கவலை இல்லை, நோய். டாக்டர் வந்து, நேற்றுப் பின்னேரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதைக் கேட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன், அவ்வளவு கோழை.

பிள்ளையின் கையை விரித்தார்கள். உள்ளே என் தாள். 'அழாதே.' என் கையெழுத்து.

"ஆர் குடுத்தது? திறப்பு என்ர மடியிலயல்லோ கிடந்தது!" என்று மரியதாஸ் சாவியை எடுத்துக் காட்டிக் கத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைச் சட்டை, விரல் கட்டு என்றதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய மனைவி. நாலு நாளைக்கு முன் இந்தியாவுக்கு ஆட்களோடு களவாகப் படகேறியவள். முதலில் தான் போய், பிறகு பிள்ளையைக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.

மறுநாள் அவள் உடல் கரை ஒதுங்கியது. நானும் அடையாளம் காட்டப் போனேன். கடலில் மூன்று நாளாவது கிடந்திருக்கும் என்றார்கள். பச்சைச் சட்டை. பெருவிரலில் அதே கட்டு.

தாயையும் பிள்ளையையும் ஒன்றாகப் புதைத்தோம். மரியதாஸ் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "அவள் கடலுக்குள்ள இருந்து வந்தவள், பிரதர்" என்றார். "நீங்கள் அடுத்த ஒழுங்கையில இருந்து வரயில்லை."

நான் குருவாகவில்லை. இப்போது ஊரில் அச்சகத்தில் வேலை. நம்புங்கள், நம்பாமல் போங்கள், ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது வைக்கோல் எல்லாம் சருகாகக் காய்ந்திருந்தது, அவள் நின்ற இடத்தில் மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்பு. பக்கத்தில் கடலைமிட்டாய் முழுசாகக் கிடந்தது. தாளை மட்டும்தான் அவள் பிள்ளைக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.