என்னைத் தேடி வந்த ஆள்

நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பு தெரிகிறதாம். அதற்காக ‘அன்ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் பார்க்கத் திருச்சி போனவன், ஊர் திரும்பும்வரை யாருக்கும் போன் செய்யவில்லை. என்னைப் பெற்று, துபாயில் இருக்கும் அத்தாவிடம் என்னவென்று சொல்வது?

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் கல்லூரிப் பையனைப் பார்த்தால் என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. “என்ன தம்பி, விசா வந்துடுச்சா?” என்பார்கள். பெரம்பலூரில் நான் பி.காம். சேர்ந்ததே விசா வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். வகுப்பில் உடம்பு இருக்கும், மனசு கடல் தாண்டிவிடும். அரியர் விழுந்தபோதும் வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அதுவும் போச்சு, இதுவும் போச்சு. கடைசி வருஷம் பாதி ஓடிவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி ஏறவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கைப் பார்த்தாலே அழுகை வந்தது. அம்மா சோறு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள். நான் இருந்து யாருக்கு என்ன என்றுகூடத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகையில், நெற்றி தரையில் பட ஸுஜூதில் கிடந்து அழுதேன். “யா அல்லாஹ், விசா வேண்டாம். காலையில் எழுந்தால் போக ஒரு இடம் கொடு. என்னைத் தேட ஒரு ஆள் கொடு.” ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. என் துஆ பள்ளிவாசல் கூரையைக்கூடத் தாண்டவில்லை என்றே நினைத்தேன்.

பிறகு சுரேஷ் வந்தான். பூலாம்பாடிக்காரன், என் வகுப்பு. அவ்வளவு பழக்கம்கூட இல்லை. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, “ரபீக்கு, எனக்கும் அந்த காஸ்ட் பேப்பர் நிக்குதுடா. தனியா உக்காந்தா தூங்கிடறேன். நீயும் வா” என்றான்.

“எனக்கே ஒண்ணும் தெரியாதுடா.”

“தெரிஞ்சவன்கிட்ட கேட்டா சிரிக்கிறான். தெரியாதவன்தான் வேணும்.”

சுரேஷ் வீட்டு மக்காச்சோளக் காட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகக் கணக்குப் போட்டோம். ஒருநாள் மனசு விட்டுப்போய் நான் போகவில்லை. போன் மேல் போன். “எங்கடா போய்த் தொலைஞ்ச? நீ வராம நான் புக்கையே தொறக்கல” என்று கத்தினான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நான் கேட்டது வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பரீட்சையில்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கையைத் தூக்கி அடிஷனல் ஷீட் கேட்டேன். இருவரும் பாஸ். மற்ற அரியர்கள் இன்னும் நிற்கின்றன. ‘அன்ஃபிட்’ மாறவில்லை. அத்தா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சில நாள் பழைய இருட்டு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படிப்பில் மனசு ஒட்டாத தம்பி தங்கைகளே, மார்க் கேட்டு மட்டும் துஆ செய்யாதீர்கள். நீங்கள் வராவிட்டால் தேடுகிற ஒருவரைத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். நாளைக்கு நான் கொட்டகைக்குப் போகாவிட்டால், சுரேஷ் வந்து கதவை உடைப்பான். அல்ஹம்துலில்லாஹ்.