பிள்ளைக்குக் கழிவு கிடையாது

மரியசெல்வி டீச்சர் இறந்துபோனார் என்று போன் வந்தபோது நான் பாதித் தலைக்குக் கறுப்பு மை அடித்திருந்தேன். மறுபாதி வெள்ளை. கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே ஓடிவிட்டேன். துக்க வீட்டில் என்னை உற்றுப் பார்த்தவர்கள், பாவம், மனுசன் நிலைகுலைந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான். டீச்சருக்கு மட்டும் ஒருதரம் கண் திறந்திருந்தால், "அண்ணே, மிச்சப் பாதி நாளைக்கா?" என்று கேட்டிருப்பார்.

அந்த வீட்டுப் பந்தலில் தொடங்கிய கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஒருவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பிள்ளைகளை ஓடு ஓடுன்னு வெரட்டுன டீச்சருக்கே நெஞ்சுவலியாம்ல. அப்பறம் என்னத்துக்கு ஓடணும்கிறேன்?"

"மாமா, சோறு திங்கிறவனுக்குந்தான் சாவு வருது. நீங்க சோத்தை விட்டுட்டீகளா?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் கடைசி வருஷம் எப்படி இருந்தார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவர் விளையாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டி என் திராட்சை ஷெட். தோட்டத்திலிருந்து பழம் வரும், எடை போட்டு லாரியில் ஏற்றுவோம். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் பிள்ளைகளின் உடல்தகுதியை அளந்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். உயரம், எடை, ஓட்டம், முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, இப்படிச் சில சோதனைகள்.

போன வருஷம் நிர்வாகம் புதுப் பஸ்கள் வாங்கி மைதானத்தில் நிறுத்தியது. பஸ்ஸைக் காயப்போட மைதானம், பிள்ளைகளைக் காயப்போட வகுப்பறை. விளையாட்டுப் பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போனது. "உக்காந்த எடத்துல ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிருங்க டீச்சர்" என்று தாளாளர் சொல்லியிருக்கிறார்.

"ஓடாத பிள்ளைக்கு நான் எப்படி சார் நேரம் போடுறது?" என்று இவர் கேட்டிருக்கிறார். கேட்டதற்குத் தண்டனை, ஆபீசில் உட்கார்ந்து ரசீது எழுதுவது. வெயிலில் நின்றே பழகிய மனுஷியை ஒரு வருஷம் நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். வேறு யாரையோ போட்டு நம்பரை நிரப்பிக்கொண்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஷெட் வாசலிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் இடம் கேட்டார், கொடுத்தேன். சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே பிள்ளைகள் அங்கே ஓடின.

பள்ளியின் எடை மிஷினும் ஆபீஸ் அறைக்குள் பூட்டிக் கிடந்ததால் ஒருநாள் பிள்ளைகளை என் தராசில் ஏற்றினார். நான் எடையைச் சத்தமாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். நாலைந்து பிள்ளைகள் இறங்கியதும் பேனாவை நிறுத்தினார்.

"என்னண்ணே, எங்க பிள்ளைக எல்லாம் ராத்திரியோட ராத்திரியா எளச்சுப்போச்சு?"

தராசு சரியாகத்தான் இருந்தது. கோளாறு என் வாயில். பிளாஸ்டிக் பெட்டியோடு பழத்தை வைப்பார்கள். பெட்டிக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் எடை சொல்வோம். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கிலோ கழித்துச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளைக்குக் கழிவு கிடையாதுண்ணே! எல்லாம் பழந்தான், பெட்டியே இல்ல!" சிரிப்பு அடங்கியதும் பள்ளிச் சுவரைப் பார்த்தார். "நீங்களாச்சும் தராசுல ஏத்திட்டுத் தப்பாச் சொன்னீக. அங்கன ஏத்தாமலே எழுதுறாக."

இன்னொரு நாள். எங்கள் டிரைவர் மகன், கொஞ்சம் உருண்டை, எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "ஏலே, டயரு பஞ்சராயிருச்சா?" என்றேன். டீச்சர் நேராக என்னிடம் வந்தார். "போன மாசம் பாதியில நின்னு அழுதவன் இவன். இன்னைக்கு முழுசா வந்திருக்கான். கை தட்டுங்க. இல்லைன்னா வாயை மூடுங்க." தட்டினேன். "பிள்ளையப் பக்கத்துப் பிள்ளையோட அளக்காதீக, போன மாசத்து அவனோட அளங்க" என்று அடிக்கடி சொல்வார்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராதா? இரங்கல் கூட்டத்தை வகுப்புக் கட்டடத்து ஹாலில் வைத்தார்கள். மைதானத்தில்தான் பஸ் நிற்கிறதே. தாளாளர் மைக் முன்னால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு, "டீச்சர் காட்டிய வழியில் இந்த ஆண்டு நம் பிள்ளைகள் அத்தனை பேரும் உடல்தகுதியில் முதல் தரம்" என்றார்.

நான் எழுந்தேன். "எங்கன சார் ஓடுனாக? பஸ்ஸுக்கு மேலயா?"

"இது அஞ்சலிக் கூட்டம். பிரச்சினை பண்ணாதீங்க."

"நிறுக்காம எடை எழுதுறது பிரச்சினை இல்லையா? எங்க ஷெட்டுல அப்படி எழுதுனா தோட்டக்காரரு என்னையப் போட்டு மிதிப்பாரு. திராட்சைக்கு இருக்கிற மரியாதை எங்க பிள்ளைகளுக்கு இல்லையா?"

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கத்தினார்: "பஸ்ஸை எடுங்க! எங்க கண்ணு முன்னால பிள்ளைகளை அளங்க!" ஹால் முழுக்க அதே பேச்சானது. தாளாளர் கடைசியாக, "பார்க்கலாம்" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் போதாது. மைதானம் காலியாகும் வரைக்கும் ஷெட் கதவைக் காலையில் திறந்து வைப்பேன். சிவப்புக் கோடு அழிந்தால் மறுபடி போடுவேன். தராசில் ஏறும் பிள்ளைக்கு உள்ள எடையை உள்ளபடி சொல்வேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.

கூட்டம் முடிகையில் மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார்கள். "சும்மா நிக்கிறது அவுகளுக்குப் பிடிக்காது. எல்லாரும் குனிஞ்சு கால்விரலைத் தொடுவோம்" என்றேன். பெற்றோர்கள் குனிந்தார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். நானும் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை, விரல் தொட்டது. நிமிர வரவில்லை. பஸ் டிரைவர்கள் இரண்டு பேர் குனிந்த வாக்கிலேயே என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றி, சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மைதானத்திலிருந்து அன்றைக்கு ஒரு பஸ் வெளியே போனது.