பன்னிரண்டு குண்டூசிகள்

தொண்ணூற்றெட்டில் அக்காவின் பிரசவத்துக்கு அமெரிக்காவில் பேர்லேண்ட் என்ற ஊருக்கு வரவேண்டியது அம்மா. அம்மா செத்துப்போனதால் நான் வந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள், தையல் மட்டும் தெரியும். பெட்டியில் அம்மாவின் பச்சைக் காட்டன் புடவை இருந்தது. பிறந்த குழந்தையைப் பழம்புடவையில்தானே கிடத்துவோம், அதற்காக. வாசம் போய்விடும் என்று துவைக்கவில்லை. வெட்டியபிறகு துவைத்துக்கொள்ளலாம்.

அக்கா கத்தரிக்கோலைத் தொடவே விடவில்லை. பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி ஒரு ரோட்டரி கட்டர் வாங்கியிருந்தாள். அதற்கு ஆயிரம் சட்டம்.

"குண்டூசிய கோட்டுக்கு ரெண்டு இன்ச் தள்ளிக் குத்துடி. பிளேடு ஊசில ஏறுச்சுன்னா துண்டு தெறிச்சுக் கண்ணுல அடிக்கும். எத்தனை குத்துனேன்னு எண்ணி வை."

"ஊர்ல இத்தனை ரவிக்கை தைச்சேன், எவ கண்ணு போச்சு?"

"வாய மூடிட்டுக் குத்து."

அம்மா மடித்த மடிப்பைக் கலைக்க மனசு வரவில்லை. பாதி மட்டும் பிரித்து, பன்னிரண்டு ஊசி குத்திவிட்டு உருட்டினேன். நடுவில் 'கடக்' என்றது. பிளேடில் ஒரு பொட்டு இரும்பு பெயர்ந்திருந்தது. எங்கே போனதென்று தெரியவில்லை.

"சொன்னேன்ல! எம்புள்ள படுக்கிற துணிடி அது! இனிமே குப்பைலதான் போடணும்."

அம்மா நினைவாக எங்களிடம் இருந்தது அந்த ஒரு புடவைதான். குப்பையாம்!

"ஒழுங்காத்தான் குத்துனேன்!" என்று கத்திக்கொண்டே ஊசிகளை உருவித் தட்டில் போட்டு எண்ணினேன். பன்னிரண்டும் முழுசு. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

அப்புறம்தான் மீதி மடிப்பைப் பிரித்தேன். முந்தானைக்குள் துருப்பிடித்த ஊக்கு ஒன்று. புடவையை அவிழ்த்ததும் ஊக்கை அதிலேயே குத்தி வைத்துவிடுவாள் அம்மா. அடுத்த தடவை தேட வேண்டாமாம். எத்தனை தடவை திட்டியிருப்போம்!

"இந்தம்மாவ..." என்று பல்லைக் கடித்தாள் அக்கா. எனக்கு எரிச்சல்தான் வந்தது. திட்டினால் திருப்பிக் கத்த ஆளில்லையே என்ற எரிச்சல்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் புடவை முழுக்கத் தேய்த்தேன். மூன்றாவது தடவையில் பிளேடுத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது.

"போதுமா? இனிமே குப்பைங்க மாட்டியே?"

"இன்னொரு தடவ தேய். உங்கம்மாவ நம்ப முடியாது."

"ஏன், உனக்கும் அவங்கதான் அம்மா."

தேய்த்தேன். இடுப்புப் பக்கம் இன்னொரு ஊக்கு இருந்தது.