வேண்டாவின் பிடிபடாத வண்டி

வீட்டில் வரிசையாக மூன்று பெண்கள் பிறந்து, நாலாவதும் பெண்ணாகவே வந்து நின்றபோது அப்பா வைத்த பெயர் வேண்டா. ஐந்தாவதும் பெண்தான். அதற்குள் அவருக்கே அலுத்துப்போய், அந்தக் குழந்தைக்குச் சுஜாதா என்று லட்சணமாகப் பெயர் வைத்துவிட்டார். "என் பேரைக் கூப்பிட்டுப் பாத்தாரு, சாமி காதுல வாங்கல" என்று வேண்டா சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு திருப்போரூர் கார் ஸ்டாண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கும்.

ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். முன்பு கடற்கரை ரிசார்ட் ஒன்றில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வேன் ஓட்டியவர் மதியமானால் பின்சீட்டில் குறட்டை விடுவார். அவரை எழுப்ப மனமில்லாமல் வேனை நிழலுக்கு நகர்த்தி நகர்த்தியே வண்டி ஓட்டப் பழகினாள். பிறகு லைசென்ஸ், பிறகு ஃபைனான்ஸில் ஒரு வெள்ளைக் கார். கடைசித் தவணையும் கட்டி முடித்தாயிற்று.

இப்போது மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்று மாத வாடகைக்குக் கார் எடுக்கிறது. ஸ்டாண்டில் சவாரிக்கு அடித்துக்கொள்ள வேண்டாம், வெயிலில் காய வேண்டாம். அங்கே மேனேஜர் ஹேமந்த் காரின் ஆர்.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, வண்டி ஓகே. ஆனா இதுல இன்னும் ஃபைனான்ஸ் கம்பெனி பேரு இருக்கே?"

"கடன் முடிஞ்சி போச்சு தம்பி."

"முடிஞ்சா பேரை எடுத்துட்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் இடம் பிடிச்சு வைக்க முடியும். பின்னாடி ஆளுங்க வரிசையா நிக்கறாங்க."

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடன் தீர்ந்தது என்று கம்பெனி ஒரு என்.ஓ.சி. கொடுக்கும், அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால் ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயர் போய்விடும். வேண்டா அன்றைக்கே கம்பெனியின் செங்கல்பட்டு கிளைக்குப் படியேறினாள். கவுண்டரில் இருந்த திவ்யா வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்:

"தவணை பாக்கிக்காக உங்க வண்டியை நாங்க சீஸ் பண்ணிட்டோமே மேடம். பிடிச்ச வண்டிங்க நிக்கற எங்க யார்டுலதான் இருக்கு."

வேண்டா ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். "அப்போ கீழ நின்னுகினு கீதே, அது இன்னா? அதோட தம்பியா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது."

"காலையில ஒரு வெள்ளைக்காரர அதுலதான் கடற்கரைக் கோயிலாண்ட எறக்கிட்டு வந்தேன். உங்க யார்டுக்குள்ள வந்தா அவரு ஏறினாரு?"

"யார்டு வாடகை கட்டி, ரிலீஸ் ஆர்டர் வாங்கிடுங்க. அப்புறம்தான் என்.ஓ.சி."

"என் வூட்டு வாசல்ல நின்ன வண்டிக்கு நான் வாடகை கட்டணுமா? நியாயமா நீதான் கண்ணு எனக்குத் தரணும். அதுமேல காக்கா எச்சத்தக் கழுவினதெல்லாம் யாரு?"

திவ்யாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. தவணை வாங்குகிற கணக்கு வேறு, வண்டி பிடிக்கிற கணக்கு வேறு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்த ஏஜென்ட் வந்து எழுதிக் குடுத்தா மேல அனுப்பலாம். ஜெரோம்னு ஒருத்தர். இப்ப வேலையில இல்ல."

"ஜெரோமா?" வேண்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட, கூழு குடிச்ச பையன்!"

கடன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஆடி மாதம். இரண்டு தவணை பாக்கி. ஊரில் கெங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். வீடு வீடாகக் கூழ் வாங்கிக் கோயில் கொப்பரையில் சேர்க்க வேண்டும். தள்ளியிருந்த வீடுகளின் குடங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, வேப்பிலை கட்டிய காரில் அவள் ஊர்ந்து வருகிறாள். வண்டியைப் பிடிக்க வந்த ஜெரோம் குறுக்கே பைக்கை நிறுத்தினான். மஞ்சள் சேலைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சாமி கூழ் ஏறிய வண்டியை வழியில் நிறுத்துவதாவது! "கொப்பரையில ஊத்தினதும் சாவியை வாங்கிக்கோ. அதுவரைக்கும் வண்டியாண்ட கை வெக்காத" என்றாள் வேண்டா. அவனும் மனிதன்தானே, பைக்கைத் தள்ளிக்கொண்டே கோயில்வரை கூட வந்தான். போகிற போக்கில், எப்படியும் எடுக்கப்போகிற வண்டிதானே என்று, கைபேசியில் 'சீஸ் ஆனது' என்று போட்டுவிட்டான். கோயிலில் கூழும் கருவாட்டுக் குழம்பும் உள்ளே போயின. அதற்குள் வேண்டாவின் சீட்டுப் பணம் வந்து, பாக்கியும் தீர்ந்தது. இவன் ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். போட்டதை எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை.

சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பக்கத்தில் ஜெரோம் இப்போது மீன் வறுத்து விற்கிறான். விஷயத்தைக் கேட்டதும் கரண்டி நின்றது.

"பொய் என்ட்ரி போட்டேன்னு நானே எழுதித் தரணுமாக்கா? கேஸு கீஸு ஆச்சுன்னா என் கடையை யாரு பாக்கறது?"

"பொய்யா போட்ட?"

"இல்லக்கா. கூழு எறங்கினதும் வண்டியை எடுத்துடலாம்னுதான் போட்டேன்."

"அதையே எழுது. மூணு சொம்பு குடிச்சியே, அதையும் சேத்து எழுது."

"ரெண்டுதான்க்கா."

"மூணு. நான்தான ஊத்தினேன்."

கடையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முனகிக்கொண்டே முன்சீட்டில் ஏறினான். செங்கல்பட்டு கிளையில் உட்கார்ந்து, கூழையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தான்.

திவ்யா பக்கத்துக் கருங்குழிக்காரி, ஆடிக் கூழ் தெரிந்தவள். எழுதியதை ஒரே மூச்சில் படித்துத் தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது, வடக்கே இருக்கும் தலைமை ஆபீஸுக்கு எப்படிப் புரியவைப்பது? கீழே இறங்கி காரின் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தாள், படம் பிடித்தாள், மேலே வந்து போன் போட்டாள். கூழ் என்றாள், கஞ்சி என்றாள், ராகி என்றாள். அந்தப் பக்கத்து ஆளுக்கு எதுவும் ஏறவில்லை. "கஞ்சிக்காக ஏன் வண்டியை விட்டான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் திவ்யா பொறுமை இழந்து, "சார், நம்ம ஏஜென்ட் சாமி ஊர்வலத்துக்கு நடுவுல புகுந்து வண்டியை மறிச்சிருக்கார். ஊரே சுத்தி நின்னிருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் குரல் அடியோடு மாறியது. மறித்தானா? யாராவது வீடியோ எடுத்தார்களா? அந்த அம்மா புகார் கொடுக்கவா வந்திருக்கிறார்?

திவ்யா போனைப் பொத்திக்கொண்டு வேண்டாவைப் பார்த்தாள். "புகார் குடுக்கப் போறீங்களான்னு கேக்கறாங்க."

வேண்டா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். "யோசிச்சுகினு கீறேன்னு சொல்லு."

ஜெரோம் பக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 'சீஸ்' நீங்கிவிட்டது, யார்டு வாடகை பறந்துவிட்டது, என்.ஓ.சி. அச்சாகிச் சூடாக வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை முடிந்து, வேண்டாவின் பெயர் மட்டும் இருக்கும் ஆர்.சி. கைக்கு வந்தபோது மாதம் முடியவில்லை.

ஹேமந்த் அதைப் பார்த்து ஒப்பந்தத்தை நீட்டினான். அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அவன் ஒரு அட்டையைக் கொடுத்தான்.

"நாளைக்கு ஏர்போர்ட்டுல இந்தப் பேரைப் பிடிச்சுட்டு நிக்கணும்க்கா. போலந்துக்காரர்."

"இன்னா தம்பி பேரு இது, பஸ்ஸு மாதிரி இவ்ளோ நீளமா கீது? எப்பிடிக் கூப்புடறது?"

"எனக்கும் தெரியாதுக்கா."

"சரி விடு, வந்து ஏறினதும் அவரையே கேட்டுக்கறேன்" என்று அட்டையை முன்சீட்டில் வைத்து, வண்டியைக் கிளப்பினாள்.