ஸ்டெல்லா மிஸ் பார்த்த இரண்டு விரல்

பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் நான் இன்றும் கக்கூஸ் எங்கே என்று கண்ணால் தேடுவேன். பெங்களூர் அல்சூரில் நான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியில் அன்று காலையிலிருந்தே அந்த வாசனைதான். வெளிநாட்டுச் சபையார் பணம் கொடுத்துக் கட்டிய புதுக் கக்கூஸை அவர்களே வந்து திறக்கப் போகிறார்கள் என்று, பழையதை இடித்துவிட்டு, புதியதைக் கழுவித் துடைத்து, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, அதை வெட்டும்வரை ஒரு பிள்ளையும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கக்கூஸைக்கூட விருந்தாளிக்குத்தான் முதலில் படைப்பார்களாம்!

எங்கள் வகுப்பில் இதையெல்லாம் வாய் திறந்து கேட்பதில்லை. சுண்டு விரலை நீட்டினால் "ஒண்ணுக்கு". ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டினால் "ரெண்டுக்கு". தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, வீட்டில் தக்னி உருது பேசும் பிள்ளை என்று எல்லாருக்கும் அது பொது. மணி அடித்து வெளியே வந்தால் அதே இரண்டு விரல் "பழம்", அதாவது சண்டை தீர்ந்தது. ஓசூருக்கு அந்தப் பக்கம் இருந்த என் மாமாவுக்கோ அது ஓட்டுச் சின்னம்.

கழுத்தில் கேமராவோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்கள் வகுப்புக்குள் நுழைந்த நேரம் பார்த்து, முந்தின நாள் தின்ற மாங்காய் என் வயிற்றில் வேலையைக் காட்டியது. நான் ஸ்டெல்லா மிஸ்ஸைப் பார்த்து இரண்டு விரலை நீட்டினேன். முந்திக்கொண்டது அந்த அம்மாள். முகமெல்லாம் மலர்ந்து, தானும் இரண்டு விரலைத் திருப்பிக் காட்டினாள். அவள் ஊரில் அது சமாதானமாம், வெற்றியாம். நான் இன்னும் உயரத் தூக்கினேன், அவளும் உயரத் தூக்கினாள். பொறுக்க முடியாமல் எழுந்தேன். ஸ்டெல்லா மிஸ் பின்னால் வந்து என் தோளில் கை வைத்து அழுத்தி, "ஏய், உக்காரு. கெஸ்ட் முன்னாடி மானத்த வாங்காதே. சிரி," என்று காதோரம் சீறினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, நீட்டிய விரலை மடக்காமலே உட்கார்ந்தேன். கேமரா சொடுக்கியது. அடுத்த நிமிடம் பெஞ்சிலேயே போய்விட்டது. அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை என் பெயர் "ரெண்டு".

வீட்டில் என்னைக் கழுவிவிட்ட அம்மா, "ஆத்திரத்த அடக்கினாலும் மூத்திரத்த அடக்கக் கூடாதும்பாங்க, இவ ரெண்டுக்கே அடக்கச் சொல்லியிருக்கா பாரு, வெளங்குவாளா?" என்று பள்ளி இருந்த திசையைப் பார்த்துப் பத்து விரலையும் சடசடவென்று நெட்டி முறித்தாள். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

வெள்ளைக்கார அம்மாளுக்குத் தெரியாது. அவளை எப்போதோ விட்டுவிட்டேன். ஸ்டெல்லா மிஸ்ஸுக்குத் தெரியும். தினமும் அந்த விரல்களைப் பார்த்து "ஓடு" என்று தலையசைத்தவர் அவர்தான். தெரியாதவர் தப்பாகப் புரிந்துகொள்வது வேறு, தெரிந்தவர் ஒரு குழந்தையின் கையைப் பார்த்தும் தெரியாததுபோல் நிற்பது வேறு. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

போன தேர்தலில் ஓட்டுப் போட, மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கே போக வேண்டி வந்தது. தாழ்வாரச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அந்தப் படம், "மகிழ்ச்சியான குழந்தைகள்" என்ற எழுத்தோடு. ரிப்பன் கட்டிய கக்கூஸ் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. ஸ்டெல்லா மிஸ்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். விரல் நீட்டிக் கேட்கும் வழக்கமும் போய்விட்டது; என் மகளின் பள்ளியில் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகக் கேட்கிறார்கள்.

"அம்மா, இது நீயா? எவ்ளோ க்யூட்! விக்டரி காட்றே," என்றாள் மகள். செல்போனைத் தூக்கி, படத்துக்குப் பக்கத்தில் நின்று, அதேபோல இரண்டு விரலை நீட்டினாள். "பின்னாடி மிஸ்ஸைப் பாரும்மா, எவ்ளோ பாசமா தோள்ல கை வெச்சிருக்காங்க."

"பாசம் இல்லடி. ரெண்டுக்கு வருதுன்னு தவிக்கிற பிள்ளைய எழுந்திருக்க விடாம அழுத்துன கை அது," என்றேன், ஓட்டு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். நீட்டியிருந்த விரல்கள் மெல்ல மடங்கின.